கம்பு ரெடி... பை ரெடியா?

முழுப்பரீட்சை முடிந்தால் பாட்டி வீடு என்றிருந்த காலம் போய், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலும் சில வீடுகளில் மே மாதம் என்றாலே ‘கேம்ப்’ என்றாகிவிட்டது. கராத்தே கேம்ப், சிலம்பம் கேம்ப். ஐந்து நாள், ஏழு நாள், சில இடங்களில் பத்து நாள். அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு. வாட்ஸ்அப் குரூப்பில் மாஸ்டர் ஒரு பட்டியல் போடுவார்: யூனிஃபார்ம் இரண்டு செட், கம்பு ஒன்று, தட்டு, டம்ளர், பெட்ஷீட், செல்போன் கூடாது. அத்தோடு சரி.

மீதியை அம்மா நிரப்புவார். எட்டு டி-ஷர்ட், இரண்டு போர்வை, ஒரு கிலோ மிக்சர், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு ஸ்வெட்டர்கூட உள்ளே போகும். ஜிப் பிதுங்கும். அப்பா பையின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி மூடுவார். அந்தப் பையைத் தூக்கப்போகிற பிள்ளை மட்டும் அந்நேரம் பக்கத்து அறையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். முகாமில் நாலரை மணிக்கு விசில் ஊதினால், மாற்று உடை எந்த அறையில், மருந்து எந்த உறையில் என்று தேடிக்கொண்டிருக்க அம்மா அங்கே வரமாட்டார். பிள்ளை தானே எடுத்து வைத்தது மட்டுமே அதன் ஞாபகத்தில் இருக்கும். எனவே பையைக் கட்டவேண்டியது பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியது பெரியவர்கள்.

சிலம்பம் பற்றி வீடுகளில் இருந்த பேச்சு மாறியிருக்கிறது. ‘கம்பைத் தூக்கிட்டு ரவுடி மாதிரி அலையாதே’ என்று சொன்ன வீட்டிலிருந்தே இப்போது பெண்பிள்ளைகளும் வகுப்புக்குப் போகிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக அதைச் சேர்த்தார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடமுண்டு. சான்றிதழுக்கு மதிப்பு வந்ததும் முகாம்களும் பெருகின. பெருகியதில் நல்லதும் உண்டு, அரைகுறையும் உண்டு.

அதனால் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்தது போலி முகாம் என்று தெரியவந்ததே, அதில் கலந்துகொண்ட மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிறகுதான். சீருடை, விசில், அணிவகுப்பு எல்லாம் இருந்திருக்கின்றன. ‘ஸ்கூல்லதானே நடக்குது’ என்று நம்பியே பெற்றோர் அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எந்த முகாமுக்கும் அனுப்பாமல் இருக்க வேண்டியதில்லை. நாலு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பினால் போதும். இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? பெண்பிள்ளைகளோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார், அவர் எண் என்ன? நடுவில் ஒருநாள் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி? நல்ல வாத்தியார் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். கேட்காத பெற்றோரைப் பார்த்துத்தான் அவருக்குக் கவலை வரும். ‘எங்க மேல நம்பிக்கை இல்லையா?’ என்று பதில் வந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, பையைப் பிரித்துவிடலாம்.

சரி, பை.

கேரளத்தில் களரி பழகுகிறவர்கள் மழைக்காலத்தை விரும்புவார்கள். கர்க்கடக மாதம், அதாவது நம்முடைய ஆடி, எண்ணெய் தேய்த்து உடம்பை வளைக்கத் தோதான காலம் என்பது அவர்கள் கணக்கு. ஜப்பானில் ‘கான்கெய்கோ’ என்று கடுங்குளிரில் அதிகாலைப் பயிற்சி வைக்கும் வழக்கம் உண்டு. நம் முகாம்களோ பள்ளி விடுமுறையைப் பார்த்து நடப்பவை. விடுமுறை மே மாதத்தில். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரத்தின் நடுவில்தான் பிள்ளைகள் கம்பைச் சுற்றப் போகிறார்கள். ஆகவே இந்தப் பையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது வெயில்.

குடிநீர் பாட்டில் குறைந்தது ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட அரை லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்துக்குக்கூட வராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாளுக்கு ஒன்று வீதம் வைத்துவிடலாம். மருந்துக்கடையில் வாங்கும்போது அட்டையில் ஓ.ஆர்.எஸ். என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்; பக்கத்திலேயே பழரச டெட்ரா பாக்கெட்டும் இருக்கும், அது வேறு சமாச்சாரம். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அந்த அளவைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கிவிடலாம், வாய்ப்பாட்டைவிடச் சுலபம்.

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு நிழலுக்குப் போகலாம் என்று வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. தற்காப்புக் கலை முகாமில் பிள்ளைகள் பயப்படுவது அடிக்கு அல்ல, ‘இதுக்கே உட்கார்ந்துட்டியா’ என்ற கேலிக்கு. அதனால்தான் சொல்லாமல் தாக்குப்பிடிக்கிறார்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பவாதம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மயங்கி விழுந்தவன் முகத்தில் தெளித்து எழுப்பி மறுபடி வரிசையில் நிறுத்துவதெல்லாம் சினிமாவோடு போகட்டும்.

துணி விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பயிற்சிக்கு மூன்று செட் பருத்தி உடை, இரவுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. மே மாத வெயிலில் காலையில் அலசிப் போட்டது மதியத்துக்குள் காய்ந்துவிடும். அலசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பார் சோப்பைப் பாதியாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு, கொஞ்சம் நைலான் கயிறும் நாலு கிளிப்பும் கொடுத்து அனுப்பி, புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டிலேயே இரண்டு நாள் தன் துணியைத் தானே துவைக்கச் சொன்னால் பழகிவிடும். ஆண்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இது. கராத்தே பிள்ளைகளின் தடித்த வெள்ளை உடை மட்டும் சீக்கிரம் காயாது, அதற்கு இரண்டு செட் கட்டாயம். (பெல்ட்டைத் துவைத்தால் வித்தை போய்விடும் என்று சில பிள்ளைகள் நம்புவதுண்டு. வேர்வை நாற்றம் போகும், வித்தை போகாது.)

துண்டு இரண்டு. டர்க்கி டவல் இடத்தை அடைக்கும், காயவும் காயாது. ஈரிழைத் துண்டுபோல் வராது. போர்வைக்குப் பதில் பாட்டியின் பழைய நூல் புடவை ஒன்று. விரிக்கலாம், போர்த்தலாம், கொசுவுக்குத் தலையோடு மூடலாம். முதல் ராத்திரி வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும்போது அந்தப் புடவையின் வாசம் என்ன செய்யும் என்பது அனுப்பிப் பார்த்த வீடுகளுக்குத் தெரியும்.

கம்புக்கு வருவோம். போன வருஷக் கம்பு இந்த வருஷத்துக்கு ஆகாது, பிள்ளை வளர்ந்திருக்கும். நேராக ஊன்றி நிறுத்தினால் நெற்றிப்பொட்டு வரை வருவது சரியான அளவு என்று வாத்தியார்கள் சொல்வார்கள். பிடித்தால் விரல்கள் சுற்றி வளைய வேண்டும்; ‘வளர்ற பிள்ளைதானே’ என்று சட்டை எடுப்பதுபோல் பெரிதாக வாங்கினால் மணிக்கட்டுதான் வலிக்கும். மூங்கிலோ பிரம்போ, கணுக்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் சுற்றும் வேகத்தில் சிலும்பு தெறிக்கும், பக்கத்தில் நிற்பது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் எண்ணெய் தடவி நிழலில் சாய்த்து வைத்தால் வறண்டு வெடிக்காது.

இந்தக் கம்பை ஏற்றிக்கொண்டு போவதே தனி வித்தை. சேத்தியாத்தோப்பு வடலூர், கும்பகோணம், விருத்தாசலம், சிதம்பரம் என்று நாலு பக்கமும் பஸ் பிரியும் ஊர். எந்தப் பக்கம் போனாலும் மே மாதத்தில் கூட்டம்தான். தலைக்கு மேலே சாமான் தட்டில் கம்பை வைத்தால் முதல் வளைவிலேயே யார் தலையிலாவது இறங்கும். இரண்டு முனையிலும் பழைய துணி சுற்றி, சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுக்க வைப்பது நல்லது. கூட்டாளிகளின் கம்புகள் இருந்தால் சேர்த்து இரண்டு இடத்தில் கட்டி ஒரே கட்டாக்கிவிடலாம். விருத்தாசலத்தில் ரயில் பிடிக்கிறவர்களுக்கும் இதே யோசனைதான். மலேசியா போன்ற வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விமானத்தில் கம்பைக் கையோடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், சாமானோடு போட வேண்டும். நீளத்தை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மான் கொம்பு, சுருள்வாள், வாள் எதுவும் பிள்ளையின் பையில் வேண்டாம். அவற்றைப் பழக்குகிற கட்டம் வந்தால் வாத்தியாரே கொண்டுவருவார், அவர் கண்ணெதிரில் எடுத்து அவர் கண்ணெதிரில் வைக்க வேண்டியவை. தீப்பந்தம் சுற்றும் நிகழ்ச்சி உண்டு என்று பட்டியலில் இருந்தால் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

சிலம்பம் வெறுங்காலில் ஆடுவது. காலடி வரிசை என்று ஒரு பாடமே உண்டு. வருஷம் முழுக்க ஷூ போட்ட கால் முதல் நாளிலேயே கொப்பளிக்கும். முகாமுக்குப் பத்து நாள் முன்பிருந்தே காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் மண்ணில் வெறுங்காலோடு நடந்து பழகுவது, எந்த விலை உயர்ந்த ஷூவையும்விடப் பயன்படும். பையில் ஒரு ரப்பர் செருப்பு போதும். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் நம் மைதானங்களில் நிரந்தரவாசிகள் என்பதால் முள்வாங்கி ஒன்று, பிளாஸ்டர், ஒரு சிறிய ஆன்டிசெப்டிக் களிம்பு. நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியா ஊசி இருக்கிறது. போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்க்க இது நல்ல சமயம்.

செயின், தோடு, கொலுசு எல்லாம் வீட்டில். தொங்கட்டான் போட்ட காதில் கம்பு முனை மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அரைஞாண் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். கழுத்துத் தாயத்தை மட்டும் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிடலாம். கண்ணாடி போட்ட பிள்ளைக்குத் தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தேதி இல்லாவிட்டாலும் ஒரு பாக்கெட் நாப்கின் கட்டாயம். இடம் மாறினாலும் அலைச்சல் கூடினாலும் தேதி முன்னே பின்னே ஆகும். இன்னும் வயதுக்கு வராத பிள்ளைக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதென்றால் கொடுத்து அனுப்பி, எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கேம்ப்பில், தெரியாத ஊரில், முதல் தடவையாக அது நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்லும்? கருநிற பேன்ட் இரண்டு, சுற்றி எறியப் பழைய செய்தித்தாள். பயிற்சிக்கேற்ற உள்ளாடை. அந்த நாட்களில் வயிற்று வலி என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்கார அதற்கு உரிமை இருக்கிறது என்பதையும் அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் அதை மறைத்து அனுப்புகிறார்கள், ‘சேர்த்துக்கமாட்டாங்களோ’ என்று. இதைவிடப் பெரிய ஆபத்தை யாரும் பையில் வைத்து அனுப்ப முடியாது. மருந்தின் பெயர், வேளை, அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, மருந்தோடு பொறுப்பாளர் கையில் கொடுக்க வேண்டும். இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே, பயிற்சி நடக்கிற இடத்துக்கு எடுத்துப்போகும் சின்னப் பையில்.

தட்டும் டம்ளரும் எவர்சில்வர். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளை என்பதற்காகப் பீங்கான் கப் வேண்டாம். முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டு கழுவும் இடத்தில் அது மூன்று நாள் தாங்காது. பெயரைப் பெயின்டில் எழுதிவிடலாம். எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தின்பண்டம் என்றால் கடலை உருண்டை, வறுத்த முந்திரி. கூட்டாளிகளுக்குக் கொடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொண்டுபோகாமலே இருப்பது மேல். ஒளித்துத் தின்கிற பிள்ளைக்கு முகாமில் வைக்கிற பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

எல்லாம் வைத்தாயிற்றா? இப்போது பையைப் பிள்ளை முதுகில் மாட்டித் தெருமுனை வரை நடக்கச் சொல்ல வேண்டும். பள்ளிப் பை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது 2020-ல் வந்த பள்ளிப் பைக் கொள்கை. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரைக் கிலோ. முகாம் பை அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் தெருமுனையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினால், திரும்பி வந்து முதலில் வெளியே எடுக்க வேண்டியது அந்த ஸ்வெட்டர்.

செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் நம்பர்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். அப்பா, அம்மா, மாமா அல்லது சித்தி என்று மூன்று எண்கள், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098. இது இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. ஒரு தாளைப் பையில் ஒட்டிவிட்டு இன்னொன்றைப் பென்சில் டப்பாவில் போடலாம். அம்மா நம்பர் மட்டும் தாளே இல்லாமல் தலையில் இருக்க வேண்டும். இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. அம்மா என்ற பெயரைத் தொட்டால் போகிற நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்?

அதோடு ஒரு ரகசிய வாக்கியமும் பேசி வைக்கலாம். வாரத்தில் ஒருநாள் மாஸ்டர் போனில் எல்லாப் பிள்ளைகளும் பேசுவார்கள், பக்கத்திலேயே ஆள் நிற்பார். அப்போது ‘இங்க பிடிக்கலை, வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்ல முடியாது. ‘பூனைக்குப் பால் வச்சீங்களா?’ என்று கேட்கலாம். வீட்டில் பூனையே இல்லையென்றால் இன்னும் நல்லது. அந்த வாக்கியம் வந்த அன்றைக்கே கிளம்பிப் போக வேண்டும். காரணத்தை வண்டியில் ஏறிய பிறகு கேட்கலாம். வெறும் வீட்டு ஏக்கமாகவே இருந்தாலும் ‘இதுக்குப்போயா வரச் சொன்ன?’ என்று திட்டக்கூடாது. ஒருதரம் திட்டு வாங்கிய பிள்ளை, நிஜமாகவே தேவைப்படும்போது பூனையைப் பற்றிக் கேட்காது.

முகாம் முடிந்து திரும்பும் நாளில் பையிலிருந்து ஈரத்துணி, யாரோ ஒருவருடைய துண்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரும். தோளிலும் முன்கையிலும் கம்பு பட்ட கன்றல் இருக்கும், அது கலையோடு வருவது. கன்றல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் நிதானமாகக் கேட்க வேண்டும். பல வீடுகளில் வாசலிலேயே முதல் கேள்வி ‘சர்ட்டிபிகேட் எங்கே?’ என்பதுதான். அது பையிலேயே இருக்கும், எங்கும் போகாது. குளித்து, சாப்பிட்டு, பாட்டி மடியில் சாய்ந்த பிறகு, ‘ராத்திரி பக்கத்துல யாரு படுத்தா? யாருகூட சாப்பிட்ட? எந்த மாஸ்டரைப் பிடிச்சுது, யாரைப் பிடிக்கலை?’ என்று ஆரம்பித்தால் பிள்ளை ஒரு மணி நேரம் பேசும். நடுவில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.